இன்னும் கொஞ்சம் கறுப்பு, ப்ளீஸ்!

சாமராஜநகரில் ஒரு பியூட்டி பார்லர். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலைப் படிக்கிறேன்: த்ரெடிங், ஃபேஷியல், ப்ளீச், டி-டான். வெயிலில் கறுத்த முகத்தைப் பழையபடி மீட்டுத் தரும் இந்த டி-டானுக்குத்தான் கூட்டம் அதிகம். முகூர்த்த மாதங்களில் உட்கார நாற்காலி கிடைக்காதாம். நமக்கு அது வேண்டாம். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பின்பக்கம் வாருங்கள். அங்கே வீட்டுக் கூடத்தில் இதற்கு நேர் எதிரான வேலை ஒன்று மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது. வாரம் முழுக்க ஊரை வெளுப்பாக்கும் அக்கா, தன் உடன்பிறந்த தம்பியைக் கறுப்பாக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறார்!

ஞாயிற்றுக்கிழமை மைசூரில் ஆணழகன் போட்டி. தம்பிக்கு இதுதான் முதல் மேடை. “பேர மட்டும் போட்டுராதீங்க. தோத்துட்டா ஜிம்முல வெச்சு செஞ்சுருவாங்க” என்று கும்பிட்டார். ஆகவே இந்தக் கட்டுரையில் அவர் தம்பி, இவர் அக்கா. மூன்றாவது முக்கியப் பாத்திரம் அம்மா. சத்தியமங்கலத்தில் பிறந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கொங்குப் பேச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. நான் போனபோது மகனைப் பார்த்து அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது: “ஏஞ் சாமி, இருக்கற நெறம் பத்தலையா உனக்கு? காசு குடுத்துக் கறுப்பு வாங்கோணுமா?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. தம்பி நல்ல மாநிறம். 1975ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’யைக் கடைக்குக் கொண்டுவந்து, 2020ல்தான் அதன் பெயரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிய நாடு இது. இங்கே ஒருவர் கறுப்பைப் பார்சலில் வரவழைத்துப் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு நிற்கிறார் என்றால் காரணம் கேட்கத்தானே தோன்றும்?

விளக்குதான் வில்லன்

காரணம் மேடை விளக்கு. தலைக்கு மேலிருந்தும் முன்னாலிருந்தும் அடிக்கிற அந்த வெளிச்சம் தோலில் பட்டுத் திரும்பினால், மாதக்கணக்கில் கோழி மார்புக்கறி தின்று செதுக்கிய வயிற்றுக் கட்டுகள் எல்லாம் வழவழவென்று ஒரே பரப்பாகிவிடும். தோல் அடர் நிறமாக இருந்தால் வெளிச்சம் மேடுகளில் மட்டும் மின்னும், பள்ளங்களில் நிழல் விழும். தசை எங்கே பிரிகிறது, எங்கே சேருகிறது என்று பின்வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். வெள்ளைக்காரர் மட்டுமல்ல, மாநிறத்தவரும் நல்ல கறுப்பு நிறத்தவரும் கூடப் போட்டிக்கு டான் என்கிற இந்தப் பழுப்புப் பூச்சைப் போடுவது இதனால்தான்.

மேடையில் காட்டுவதற்கு உடம்பைத் தயார்செய்வது இந்த மண்ணுக்கு ஒன்றும் புதிதல்ல. விஜயதசமி அன்று மைசூர் அரண்மனையில் ஜம்பு சவாரி என்கிற யானை ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கும் மற்போரான வஜ்ரமுஷ்டி காளகத்தில் இறங்கும் ஜெட்டி மல்லர்கள், மைசூர், பெங்களூர், சன்னபட்டணாவோடு சாமராஜநகரிலிருந்தும் போகிறவர்கள். தலையை மழித்து, லங்கோடு இறுக்கி, முள் வைத்த கைக்கவசத்தோடு இறங்குவார்கள். முதல் சொட்டு ரத்தம் தெரிந்ததும் ஆட்டம் முடிந்தது. போன நூற்றாண்டின் முற்பாதியில் பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் நடத்திய கே.வி. ஐயர், மைசூர் மன்னரின் ஆதரவோடு உடற்பயிற்சியை ஒரு கலையாகவே வளர்த்தார். கறுப்பு வெள்ளைப் படங்களில் சிலைபோல அவர் நிற்கும் நிலைகளைப் பாருங்கள். நிழலும் வெளிச்சமும் எங்கே விழவேண்டும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இன்றைய பிள்ளைகள் அந்த நிழலைப் பாட்டிலில் வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கு?

டைஹைட்ராக்ஸிஅசிட்டோன். வாய் சுளுக்கிக்கொள்ளும் என்பதால் டிஹெச்ஏ. மூன்று கார்பன் கொண்ட சாதாரண சர்க்கரை வகை. தோலின் ஆக மேலடுக்கில் இருக்கும் செத்த செல்களின் அமினோ அமிலங்களோடு கைகோத்துப் பழுப்பாகிவிடும். தோசையைச் சிவக்க வைக்கிற வேதிவினையின் குடும்பம்தான். 1912ல் அதை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி மெயிலார்டின் பெயரால் அறியப்படுகிறது. இங்கே அடுப்பு மட்டும் தேவையில்லை!

இது கண்டுபிடிக்கப்பட்ட கதையும் ரகளையானது. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், உடம்பு சர்க்கரையைச் சேமித்துவைப்பதில் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு டிஹெச்ஏ கரைசலை வாய்வழியாகக் கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். குழந்தைகள் சும்மா குடிப்பார்களா? துப்பினார்கள், சிந்தினார்கள். சிந்திய இடத்தில் சில மணி நேரம் கழித்துத் தோல் பழுப்பாகியிருந்தது. அவர் தன் தோலிலேயே பூசிப் பார்த்தார். பழுப்பு! 1960ல் காப்பர்டோன் நிறுவனம் இதே சரக்கைப் பாட்டிலில் அடைத்துக் கடைக்கு அனுப்பியது.

இந்த வேதியியலில் ஒளிந்திருக்கும் ரகசியம்தான் அக்காவின் மொத்த வித்தையும். டிஹெச்ஏ வேலை செய்வது செத்த செல்களின் மீது. செத்த செல் எங்கே தடிமனாக அடைந்து கிடக்கிறதோ அங்கே நிறம் கூடும். எங்கே உதிர்ந்துபோயிருக்கிறதோ அங்கே குறையும். மேலடுக்கு ஒரே சீராக இல்லாவிட்டால் உலகத்தின் ஆக உசத்தியான பாட்டிலும் திட்டுத்திட்டாகத்தான் விழும். “பூசறது ஒரு ராத்திரி வேலைங்க. தோலைச் சமம் பண்றதுதான் வார வேலை” என்கிறார் அக்கா.

தம்பிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பகலில் வேலை பார்ப்பது கிரானைட் பட்டறையில். சாமராஜநகரின் கறுப்புக் கல் கடல் தாண்டிப் போகிற சரக்கு. “கல்லுல முதல்ல முரட்டு உப்புத்தாள், அப்புறம் நைஸு, அப்புறம் அதைவிட நைஸுன்னு தேச்சுக்கிட்டே போவோம். மேல ஒரு கீறல் நின்னாலும் பாலீஷ் ஏறாது. உடம்பும் அதேதான்” என்றார். தன் தொழிலைத் தன் தொடையிலேயே செய்யப்போகிற மகிழ்ச்சி முகத்தில்!

புதன்: அலறல்

போன வாரமே முன்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூசி, அரிக்கிறதா, தடிக்கிறதா என்று பார்த்தாகிவிட்டது. ஹேர் டை போடுமுன் செய்கிற அதே முன்னெச்சரிக்கை. ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை ராத்திரி பார்லர் ஷட்டர் இறங்கியதும் ஆரம்பித்தது முடி எடுக்கும் படலம்.

மார்பு, முதுகு, கை, கால், அக்குள் எல்லாம் போக வேண்டும். முடி நின்றால் நிறம் அதன் அடியில் தேங்கும், தசைக் கோடும் மறையும். அக்கா வாக்ஸை நம்புகிறார். பட்டையை ஒட்டி, தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, முடி வளர்ந்த திசைக்கு எதிராக ‘சர்ர்ர்’. நூறு கிலோ எடையைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுகிற மனிதர், முதல் பட்டையிலேயே கூடத்தின் மறுகோடிக்கு ஓடிவிட்டார்! “பொண்ணுங்க மாசாமாசம் பண்றாங்கடா, வாடா இங்க!” என்று அக்கா விரட்ட, பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஜன்னல் வழியாகக் கன்னடத்தில் என்ன ஆச்சு என்று விசாரிக்க, அம்மாவோ வாசற்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

ஏன் புதனே? வாக்ஸ் செய்த உடனே முடிக்கால் துளைகள் திறந்தும் சிவந்தும் இருக்கும். அந்த நேரத்தில் டான் பூசினால் கரைசல் துளைகளில் இறங்கி உடம்பெல்லாம் கரும்புள்ளி குத்தியதுபோல ஆகும். குறைந்தது ஒரு நாள், வாக்ஸ் என்றால் இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும். ரேசர் கட்சிக்காரர்களுக்கும் இதே சட்டம். முந்தின நாளே மழித்துவிட வேண்டும், பூசுகிற அன்று ரேசரைத் தொடக்கூடாது.

தேய், தேய், இன்னும் தேய்!

வியாழன், வெள்ளி, சனி காலை. மூன்று நாளும் குளியலறையிலிருந்து பரபரவென்று ஒரே சத்தம். கடையில் எத்தனையோ ஸ்க்ரப் இருந்தாலும் அக்கா எடுத்து வைத்திருப்பது முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் நார், கூடவே கரகரப்பாக அரைத்த பச்சைப்பயறு மாவு. நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, மாவைக் குழைத்து, கணுக்காலில் தொடங்கி வட்டம் வட்டமாக மேலே ஏற வேண்டும். அழுத்தித் தேய்த்துக் கீறிக்கொண்டால் கீறலில் நிறம் அடையும். “அழுக்கு தேய்க்கற மாதிரி தேய்க்காதே. பாப்பாவுக்குத் தேய்க்கற மாதிரி தேய்!” என்று வெளியிலிருந்து கட்டளை பறக்கிறது.

இதில் சுவாரஸ்யமே, வீட்டில் எதையெல்லாம் சேர்க்கக்கூடாது என்கிற பட்டியல்தான். முதல் பலி மஞ்சள்! சாமராஜநகர், குண்டல்பேட்டை வட்டாரத்து மஞ்சள் ஈரோட்டுச் சந்தைக்கு லாரி லாரியாக இறங்குவது. அந்த மஞ்சளை முகத்துக்குப் பூசாமல் அம்மாவுக்குப் பொழுது விடியாது. நலங்கு மாவில் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுக்க வந்தவரை அக்கா வழியிலேயே மறித்துவிட்டார். மஞ்சள் தோலில் ஏறினால் மேலே வருகிற பழுப்பின் சாயலே மாறிவிடும். இரண்டாவது பலி எண்ணெய்க் குளியல். எண்ணெய்ப் படலம் இருந்தால் கரைசல் தோலைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். சர்க்கரையும் தேங்காயெண்ணெயும் கலந்த ஸ்க்ரப்புக்கும் இதே காரணத்தால் அனுமதி மறுப்பு. மூன்றாவது, பருவுக்கும் தழும்புக்கும் பூசுகிற அமிலக் க்ரீம்கள். அவை தோலை உரித்துக்கொண்டே இருப்பதால் நிறம் நிற்காது. போட்டிக்குப் பல நாள் முன்பே அவற்றை ஓரங்கட்டியாகிவிட்டது.

முட்டி, முழங்கை, கணுக்கால்

சனிக்கிழமை மதியம். அக்கா தம்பியை நாற்காலியில் உட்காரவைத்து முழங்கையை மடக்கி நீட்டிக் காட்டச் சொல்கிறார். மடிக்கும்போது வழவழ, நீட்டும்போது சுருக்கம் சுருக்கமாக ஒரு குட்டி மூட்டை. “இங்கதாங்க எல்லாரும் மாட்டுவாங்க.” முழங்கை, கால் முட்டி, கணுக்கால், குதிகால், விரல் மூட்டு எல்லாம் செத்த தோல் தடிப்பாக அடைந்து கிடக்கும் இடங்கள். வறண்டும் இருக்கும். கரைசலைக் கண்டதும் மடமடவென்று குடித்துக் கன்னங்கரேலென்று ஆகிவிடும்.

வைத்தியம்: வாரம் முழுக்க ராத்திரி இந்த இடங்களில் லோஷன். பூசுகிற அன்று, பூசுவதற்கு முன், ஒரு பட்டாணி அளவு லோஷனை எடுத்து மெலிதாக ஒரு தடுப்பு. உடம்பின் மற்ற இடங்களில் அன்று லோஷனே கிடையாது. புருவத்திலும், தலைமுடியின் ஓரத்திலும், நகக்கணுவிலும் பஞ்சுக்குச்சியால் ஒரு தீற்றல் வாஸலைன். இல்லாவிட்டால் நகம் பத்தும் வெற்றிலை போட்டதுபோல் நிற்கும். உதடு, கண் பக்கமே போகக்கூடாது. மூக்கில் இழுக்கவும் கூடாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் டிஹெச்ஏவை அனுமதித்திருப்பதே வெளித்தோலில் பூச மட்டும்தான்.

கடைசிக் குளியலுக்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீர். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகப் போகாமல் தோலில் படிந்துவிடும், அந்தப் படிவும் திட்டு விழ ஒரு காரணம். அதனால் 1916ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் தொடங்கிய தொழிற்சாலையின் வாரிசான, இந்த வீட்டில் தலைமுறையாக மணக்கிற, சந்தன சோப்புக்கும் அன்று லீவு. டியோடரண்டுக்கும் லீவு. அதைப் போட்டுக்கொண்டு டான் பூசினால் அக்குள் பச்சை பாயலாம். பச்சை அக்குளோடு கையைத் தூக்கி நிற்கும் ஆணழகனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

ஆரம்பம்!

ஆறு மணி. மின்விசிறி சுழல்கிறது. தரையில் தார்ப்பாய். சுவரில் பழைய நாளிதழ்கள். அக்கா இரண்டு கைக்கும் க்ளவுஸ் மாட்டி, ஸ்பாஞ்சில் ஊற்றி, தம்பியின் கெண்டைக்காலில் வைத்தார். நீளமாக ஓர் இழுப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு! இது கரைசலில் கலந்திருக்கும் வழிகாட்டிச் சாயம். எங்கே பூசினோம், எங்கே விட்டோம் என்று காட்டத்தான். டிஹெச்ஏவின் அசல் நிறம் சில மணி நேரம் கழித்து மெல்ல மெல்ல மேலே வரும்.

கால், தொடை, வயிறு, மார்பு, முதுகு. மடிப்புகளை விரித்து உள்ளே. முகத்துக்குக் கொஞ்சம் குறைவாக. புறங்கைக்குப் புதிதாக ஊற்றவே கூடாது, ஸ்பாஞ்சில் மிச்சம் இருப்பதே போதும். முதல் பூச்சு காய்ந்ததும் இரண்டாவது. விடியற்காலை மூன்றாவது. பூசி முடிய ஆன நேரம், அந்த வாரம் தேய்த்த நேரத்தில் ஒரு மூலைக்குக் காணாது.

“சுவத்துல சாயாதே! சோபா கிட்ட போகாதே! கையை மடக்காதே!”

ராத்திரிக் கூத்து

இனிதான் யாரும் வெளியே சொல்லாத பகுதி. உட்காரக்கூடாது, வியர்க்கக்கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. கை கழுவக்கூடாதென்றால் சாப்பாடு? அம்மா கிண்ணத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளியையும் கோழியையும் பிசைந்து ஸ்பூனால் ஊட்டிவிட்டார். கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, லுங்கியைத் தளர்த்திக் கட்டி, பழுப்பு மீசையோடு வாயைத் திறந்து நிற்கும் இருபத்துநாலு வயதுப் பிள்ளை! “சின்னதுல இப்படி நின்னு வாங்கியிருந்தா எவ்வளவோ சுளுவா இருந்திருக்கும்” என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு.

பாத்ரூம்? ஒரு சொட்டு காலில் தெறித்தால் அங்கே வெள்ளைக்கோடு விழும். போட்டியாளர்கள் பேப்பர் கப்போடு போவது வழக்கம். பெண் போட்டியாளர்கள் அடுப்படிப் புனலைக்கூடப் பயன்படுத்துவதுண்டு என்று அக்கா சொன்னபோது, அம்மா சட்டென்று எழுந்து போய்த் தன் எண்ணெய்ப் புனல் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

படுக்க ஒரு பழைய அடர்நீலப் படுக்கை விரிப்பு. காலையில் அதில் தம்பியின் நிழல் அச்சாகியிருந்தது. வீட்டில் லேசாகப் பிஸ்கட் கருகிய மாதிரி ஒரு வாடை. அதுவும் டிஹெச்ஏவின் கைவரிசைதான். வெளிச்சத்தில் தம்பியைப் பார்த்த அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், “எங்கப்பாரு மாதிரியே இருக்கறயேடா!” என்றார். சத்தியமங்கலத்துத் தோட்டத்தில் வெயிலில் நின்ற தாத்தாவாம். அந்த வார்த்தைக்குப் பிறகு காசு குடுத்துக் கறுப்பு வாங்குகிற பேச்சே எழவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நிறத்துக்கும் நம் உடம்பு தயாரிக்கிற மெலனினுக்கும் சம்பந்தமே இல்லை. மெலனின் தருகிற வெயில் பாதுகாப்பை இது தராது. கறுத்துவிட்டோம் என்று சன்ஸ்க்ரீன் போடாமல் மொட்டை வெயிலில் நின்றால் தோல் கருகத்தான் செய்யும். ஒரு வாரத்தில் செத்த செல்கள் உதிர உதிர நிறமும் தானாகப் போய்விடும். அப்படியே விட்டால் திட்டுத்திட்டாகத்தான் போகும். போட்டி முடிந்ததும் எண்ணெய் தேய்த்து ஊறி, அதே பீர்க்கங்காய் நாரால் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

மேடைக்குப் பின்னால்

மைசூர் அரங்கத்தின் பின்கட்டுக்குள் நுழைந்தால் எங்கே பார்த்தாலும் தார்ப்பாய், ரோலர், ஸ்பாஞ்ச், பழுப்புக் கால்தடங்கள். ஒருவர் எலாஸ்டிக் பட்டையை இழுத்துத் தோளுக்கு ரத்தம் ஏற்றுகிறார். ஒருவர் அசையாமல் நிற்க, நண்பர்கள் இருவர் முதுகுக்கு ஆளுக்கொரு பக்கம் பூசுகிறார்கள். பக்கத்தில் ஒரு பையனுக்கு முழங்கை இரண்டும் அட்டைக்கரி, முன்கை வெளுப்பு. இன்னொருவருக்கு மார்பெல்லாம் புள்ளி. அன்று காலையில்தான் மழித்தாராம். அக்கா என் காதைக் கடித்தார்: “பாட்டில் ஒண்ணுதாங்க. அவங்க வெச்சிருக்கறதும் எங்களுதும் ஒரே கம்பெனி.”

சர்வதேச உடற்கட்டு சம்மேளனமான ஐ.எஃப்.பி.பி.யின் விதியில், துடைத்தால் வந்துவிடும் நிறத்துக்கு இடமில்லை. எண்ணெயை அள்ளிப் பூசவும் தடை. இங்கேயும் வரிசையில் நிறுத்தி ஒருவர் டிஷ்யூவால் ஆளுக்கொரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். தம்பியின் முறை. நெஞ்சில் ஒரு இழுப்பு. டிஷ்யூ அப்படியே வெள்ளை! மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார்.

மேடையில் விளக்கு விழுந்தது. தம்பி மூச்சை உள்ளிழுத்து வயிற்றை இறுக்கினார். பள்ளம் பள்ளமாக நிழல் விழுந்தது. வேண்டியது அதுதான். முடிவில் நான்காம் இடம். கோப்பை இல்லை, கழுத்தில் ஒரு துண்டு, கையில் ஒரு சான்றிதழ், முகத்தில் ஊரையே ஜெயித்த சிரிப்பு.

கோப்பையோடு இறங்கி வந்தவர் நேரே அக்காவிடம் வந்தார். அவருக்கும் முழங்கை கொஞ்சம் அடைந்திருந்தது. “அக்கா, அடுத்த போட்டிக்கு எனக்கும் நீங்களே போட்டுவிடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் வந்துரட்டா?”

அக்கா அவர் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “சனிக்கிழமை வந்தா நான் என்ன பண்ணட்டும்? புதன்கிழமையே வா. பீர்க்கங்காய் நாரை நீயே வாங்கிட்டு வந்துரு.”